கட்டை சரிந்தாலும் கைதட்டுங்கள்

மூன்று வயதுப் பிள்ளை மரக்கட்டைகளை அடுக்குகிறது. இரண்டு நின்றன, மூன்றாவது சரிந்துவிட்டது. பிள்ளை அதைத் திரும்ப எடுத்த கையோடு, "விடாம எடுத்தியே சாமி, சூப்பர்!" என்று தெரபிஸ்ட் சோப்புக் குமிழ் ஊதுகிறார். குமிழைப் பிடிக்கத் துள்ளிய பிள்ளை தானாகவே கட்டையிடம் திரும்புகிறது. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் பயிற்சியில் பரிசு இப்படித்தான் இருக்க வேண்டும். முயன்ற நொடியிலேயே கிடைக்க வேண்டும், எதற்குக் கிடைத்தது என்று பிள்ளைக்கும் புரிய வேண்டும். "வீட்டுக்குப் போனதும் சாக்லேட்" என்ற பேச்சு அந்த வயதுக்கு எட்டாது. ஒருமுறைகூடத் தப்பாமல் செய்தால்தான் பரிசு என்றால், கை நடுங்கும் குழந்தை வெறுங்கையோடு வீடு திரும்பும்.

முயற்சியைப் பாராட்டுவது ஏன் முக்கியம் என்பதற்கு, சற்றே பெரிய பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. 1998-ல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்பு மாணவர்களைச் சோதித்தார்கள். "புத்திசாலி" என்று புகழப்பட்டவர்கள் ஒரு தோல்விக்குப் பிறகு சோர்ந்தார்கள். "நன்றாக முயன்றாய்" என்று கேட்டவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் பரிசு தரக்கூடாது. பிள்ளை ஊஞ்சலைத் தானே ரசித்து ஆடும்போது அதற்கு மிட்டாய் எதற்கு? மிட்டாய் என்றதும் இன்னொன்று: நம் ஊர் நிலக்கடலையும் கடலை மிட்டாயும் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழலில் சிக்கக்கூடியவை. குமிழ், ஸ்டிக்கர், தூக்கி ஒரு சுற்று, இவை போதும். பழக்கம் படிந்ததும் அவற்றையும் மெல்லக் குறைக்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. "சாப்பிடாம கூட்டிட்டு வாங்க, பசிச்சாத்தான் பிஸ்கட்டுக்கு வேலை செய்வான்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். உணவு, தண்ணீர், கழிப்பறை, அம்மாவின் மடி ஆகியவை குழந்தைக்கு உரியவை. உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய பரிசுகள் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92-ன்படி, தன் பொறுப்பில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு வேண்டுமென்றே உணவோ நீரோ மறுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஊனச் சான்றிதழ் இன்னும் வாங்காத பிள்ளைக்கும் பாதுகாப்பு இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 75-வது பிரிவு, பொறுப்பில் உள்ள எந்தக் குழந்தையையும் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கிறது.

கோவையில் தெரபி என்றாலே மணிக்கணக்குக் கட்டணம் என்று நினைக்க வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையம் இருக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரை அங்கே இலவசம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவே பரிந்துரைத்து அனுப்பும். பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வருபவருக்கும், திருப்பூரில் ஷிப்டை விட்டுவிட்டு ஓடும் பனியன் கம்பெனி அம்மாவுக்கும் அந்தந்த மாவட்ட மையத்தைப் பற்றித் தெரிந்திருப்பது நல்லது.

தனியார் மையத்துக்குப் போகிறீர்களா? சிறப்பு ஆசிரியரோ பேச்சுப் பயிற்சியாளரோ இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992-ம் ஆண்டுச் சட்டம் அந்தப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. "இந்த மாதம் என்ன இலக்கு, என்ன பரிசு தருவீங்க, அழுதா என்ன செய்வீங்க" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெற்றோரை ஒருநாளும் உள்ளே விடாத மையத்துக்கு, என் கருத்தில், பிள்ளையை அனுப்பக்கூடாது. தெரபிஸ்ட் சொல்லும் அதே பாராட்டை வீட்டில் அமுச்சியும் சொன்னால் பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அவரையும் ஒருநாள் கூட்டிப் போங்கள்.

அடித்தாலோ, இருட்டறையில் அடைத்தாலோ, பட்டினி போட்டாலோ காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, இரவும் பகலும் அழைக்கலாம். காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். தேதியும் நடந்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மனு கொடுக்கலாம். அங்கே பலன் இல்லையென்றால், உரிமை மீறலை விசாரிக்கும் அதிகாரம் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு உண்டு.