ஊசின்னாலே உதறுதா உங்க நாய்? ஆஸ்பத்திரி பயத்தைக் குறைக்க என்ன செய்யலாம்?

தடுப்பூசி போடும் நாள். கழுத்துக் கயிற்றைக் கையில் எடுத்ததுமே நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடும். இழுத்தால் உறுமும். நாய் வளர்க்கும் பல வீடுகளில் இது வழக்கமான காட்சிதான்.

ஜெர்மன் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மருத்துவரின் மேசையில் பரிசோதிக்கப்பட்ட 135 நாய்களில் 106 நாய்கள் பயந்ததற்கான அறிகுறிகளைக் காட்டின. அதனால் உங்க நாய் மட்டும் அடங்காத நாய்னு நினைக்க வேண்டாம்.

ஆனால் "ரொம்ப அடம் பிடிக்குது, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று விடும்போது, தள்ளிப்போவது ரேபிஸ் தடுப்பூசி. அறிகுறிகள் தெரிந்த பிறகு ரேபிஸ் வந்தவர் பிழைப்பது மிக மிக அரிது. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலமாகவே பரவுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏன் இவ்வளவு பயம்?

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரம் போன்ற கரிசல் கிராமங்களில் வளரும் பல நாய்களுக்கு வீடு, காடு, ஆட்டுக் கிடை இவைதான் உலகம். கழுத்தில் கயிறு விழுவதும் வண்டியில் ஏறுவதும் பெரும்பாலும் ஊசிக்காக மட்டுமே. போய் இறங்கினால் மாடு, ஆடு, முன்பின் தெரியாத நாய்கள், மருந்து வாடை, வழுக்கும் தரை. அப்புறம் ஒரு குத்து. கயிறு, வண்டி, வலி மூன்றையும் நாய் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. அடுத்த முறை கயிற்றைப் பார்த்தாலே நடுக்கம்.

இதே மாவட்டத்தின் பெருமையான, 2005-ல் அஞ்சல்தலையிலும் இடம்பிடித்த ராஜபாளையம் நாய் அந்நியர்களை எளிதில் நெருங்கவிடாது. காவலுக்கு உதவும் அந்தக் குணமே மருத்துவர் தொடும்போது சிக்கலாகிறது.

எப்படித் தெரிந்துகொள்வது?

உறுமலும் கடியும் கடைசிக் கட்டம். அதற்கு முன்பே நாய் சொல்லிவிடும். வால் கால்களுக்கு நடுவே போகும், காது பின்னால் மடியும். உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும். வெயில் இல்லாதபோதும் மூச்சு வாங்கும். பிடித்த தீனியை நீட்டினாலும் வாங்காது என்றால், பயம் தலைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

என்ன செய்யலாம்?

வீட்டில் ஒத்திகை: தினமும் 2 நிமிடம் காதைத் தொடுங்க, பாதத்தைத் தூக்குங்க, உதட்டை விலக்கிப் பல்லைப் பாருங்க. ஒவ்வொரு முறையும் உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று.

ஊசி இல்லாத விசிட்: மருந்தகத்தின் வாசல் வரை போய், தீனி கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்க. சில முறை இப்படிச் செய்தால், அங்கே போனாலே வலிதான் என்ற கணக்கு மாறும்.

நேரம்: வெயில் ஏறும் முன் கிளம்புங்க. கூட்டம் இருந்தால் உள்ளே நெருக்கியடிக்காமல் வெளியே மர நிழலில் காத்திருங்க.

பழைய சாக்கு: வீட்டில் படுக்கும் சாக்கையோ துணியையோ எடுத்துப் போய் மேசையில் விரிங்க. கால் வழுக்காது. பழகிய வாசனையும் கூடவே இருக்கும்.

வாய்ப்பூட்டு: கயிற்றால் வாயை இறுக்கிக் கட்டினால் நாயால் மூச்சிரைக்க முடியாது. நம்ம ஊர் வெயிலில் அது ஆபத்து. வாயைத் திறக்க இடம் தரும் கூடை வடிவ வாய்ப்பூட்டை, அதற்குள் தீனி வைத்து, முன்கூட்டியே வீட்டில் பழக்குங்க.

மருந்து: இவ்வளவுக்குப் பிறகும் பயம் அடங்காவிட்டால் மருத்துவரிடம் கேளுங்க. கிளம்பும் முன் வீட்டிலேயே கொடுக்க கபாபென்டின், டிரசடோன் போன்றவற்றை நாயின் எடைக்கேற்ப அவர் எழுதித் தருவார். நீங்களாக மனிதர்களின் மாத்திரையைக் கொடுக்காதீங்க, உயிருக்கே ஆபத்தாகலாம்.

என்ன செய்யக் கூடாது?

அடிப்பது, அதட்டுவது, தரதரவென்று இழுப்பது. இவை பயத்தை இன்னும் கூட்டும். "தடவிக் கொடுத்தா செல்லம் கூடிரும், இன்னும் பயப்படும்" என்பதும் தவறான நம்பிக்கை. பயந்த நாய்க்கு ஆறுதல் கொடுப்பதால் பயம் வளராது.

பயத்தில் உங்களையே கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாதீங்க. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்க.

குட்டிக்கு முதல் ரேபிஸ் ஊசி பொதுவாக 3 மாத வயதில் போடுவார்கள். வீட்டுக்கு வந்த நாளிலேயே ஒத்திகையைத் தொடங்கினால், முதல் ஊசிக்குள் மனிதக் கைகள் அதற்குப் பழகியிருக்கும். வளர்ந்த நாய்க்குக் கொஞ்சம் பொறுமை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.