ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பிறந்தால் நம் சங்க அன்பர்கள் பலருடைய இல்லங்களில் ஒரே பேச்சுதான். பிளஸ் டூ முடித்த பிள்ளையை எந்தப் பொறியியல் கல்லூரியில் சேர்ப்பது? கல்லூரிகள் அனுப்பும் வண்ணப் புத்தகங்கள் மேஜை நிறையக் கிடக்கும். சென்ற ஆண்டு நான் பார்த்த ஒன்றில் பதினேழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் சின்னங்களும் ஐந்தாறு பன்னாட்டுக் கம்பெனிகளின் பெயர்களும் அட்டையிலேயே அச்சாகியிருந்தன. "இதற்கெல்லாம் மதிப்பு உண்டா மாமா?" என்று அந்தப் பையனின் தாயார் கேட்டார். நான்கு ஆண்டுப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்க யோசிக்கும் குடும்பம். ஒரு வரியில் பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் இதழின் ஆசிரியரும் கேட்டுக்கொண்டதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் பட்டதாரி அல்லன். திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன். பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பிலேயே என் காலம் கழிந்தது. ஆகவே பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

பரோடாவிலிருந்து ஊருக்குப் போக நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏறி நாம் பல ஆண்டுகள் உட்கார்ந்து போன பெட்டிகள் பெரம்பூர் ஐ.சி.எஃப். வடிவத்தைச் சேர்ந்தவை. அந்த வடிவம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. ஜூரிச் நகருக்கு அருகிலுள்ள ஷ்லீரன் என்ற ஊரின் கம்பெனியோடு 1949ல் ஒப்பந்தமாயிற்று. 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு அவர்கள் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். பழைய பெட்டிகளில் அடிச்சட்டம்தான் பாரத்தைத் தாங்கும். மேலே இருப்பது ஒரு கூடு போன்றது. புதிய பெட்டியில் அடி, பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டு முழு உடலும் பாரம் தாங்கியது. விபத்தில் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் புகுந்துவிடாதபடி முனைகள் அமைக்கப்பட்டன. எத்தனையோ உயிர்களைக் காத்த வடிவம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வடிவத்தில் பெட்டி செய்வதைப் பெரம்பூர் நிறுத்தியது 2018 ஜனவரியில். லக்னோவிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. இடையில் பல மாற்றங்களைச் செய்தது உண்மைதான். என்றாலும் அடிப்படை மாறாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிற்று. செய்யக் கற்றுக்கொண்டோம்; புதிதாக ஒன்றை வரையக் கற்க இரண்டு தலைமுறை பிடித்தது. தொழிற்சாலையும் தொழிற்சாலையும் மட்டும் கைகோத்தால் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது என்பது என் கருத்து. வரைபடம் கப்பல் ஏறி வந்துவிடும். 'எப்படிச் செய்வது' என்பதும் கூடவே வரும். 'ஏன் இப்படி' என்பது மட்டும் அங்கேயே தங்கிவிடும்.

இதை நான் நேரில் கண்டதுண்டு. வெளிநாட்டு வடிவில் வந்த சில பெட்டிகளின் போகியில் இரும்போடு ஒட்டிய ரப்பர் பாகம் ஒன்று இருந்தது. விரிசல் கண்டால் மாற்றுங்கள் என்று கையேடு சொன்னது. நம் ஊர் வெயிலில் குறித்த காலத்துக்கு வெகு முன்பே எல்லாவற்றிலும் மெல்லிய விரிசல்கள். மாற்றினால் லட்சக்கணக்கில் செலவு, மாற்றாவிட்டால் பயம். கம்பெனிக்கு எழுதினோம். கையேட்டின்படி நடக்கவும் என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு பொறியியல் கல்லூரியில் ரப்பர் பற்றி ஆராய்ந்து வந்த பேராசிரியர் ஒருவரிடம் கழற்றிய பாகங்களைக் கொண்டுபோனோம். வெளிநாட்டில் ஆய்வு செய்து திரும்பியவர். பாகத்தைக் குறுக்கே அறுத்துக் காட்டினார். விரிசலில் இரண்டு வகை உண்டு என்றார். காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரின் மேல்தோலைக் கீறுகிறது. அது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ஆழம் போகாதவரை ஆபத்து குறைவு. இன்னொன்று ரப்பரும் இரும்பும் ஒட்டுகிற விளிம்பில், பாரம் ஏறி இறங்குவதால் உள்ளேயிருந்து தொடங்குவது. அதுதான் எமன். அது வெளியே சரியாகத் தெரிவதும் இல்லை. நாங்கள் அஞ்சிக்கொண்டிருந்தது முதல் வகைக்கு; தேடியிருக்க வேண்டியது இரண்டாவதை. அந்த அரைநாள் பாடத்துக்குப் பின் எங்கள் பையன்கள் பாகத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அவரும் சும்மா போகவில்லை; தம் மாணவர்களுக்கென்று ஒரு மூட்டை பழைய ரப்பர் வாங்கிக்கொண்டு போனார். வெளிநாட்டில் கற்ற கல்வி, உள்ளூர்க் கல்லூரி, எங்கள் ஒர்க்‌ஷாப் ஆகிய மூன்றும் ஒரு மேஜையில் சந்தித்ததால் கிடைத்த பலன் அது.

இந்த மூன்றையும் திட்டமிட்டே சேர்த்து வைக்க முடியுமா? நம் நாடு அதை ஒரு பெரிய பரிசோதனையாகவே செய்து பார்த்தது. என்.ஆர். சர்க்கார் குழுவின் யோசனைப்படி 1951ல் கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. தோன்றியது. அடுத்த நான்குக்கும் வெவ்வேறு நாடுகள் கைகொடுத்தன. 1958ல் பம்பாய்க்கு யுனெஸ்கோ வழியாக சோவியத் ரஷ்யா, 1959ல் சென்னைக்கு மேற்கு ஜெர்மனி, கான்பூருக்கு அமெரிக்கா, டில்லிக்கு பிரிட்டன். டில்லிக்கு உதவ பிரிட்டிஷ் அரசோடு அந்நாட்டுத் தொழிலதிபர்களும் முன்வந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

சென்னையின் கதை நமக்கு நெருக்கமானது. பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1959 ஜூலை 31ல் மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் தொடங்கி வைத்தார். ஜெர்மனி பேராசிரியர்களை மட்டும் அனுப்பவில்லை, ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன்களையும் அனுப்பியது. டிப்ளமாக்காரனாகிய எனக்கு இந்தச் செய்தி எப்போதும் இனிக்கும். லேத்தில் நிற்கிறவனுக்கும் வகுப்பில் கற்றுத் தர ஏதோ உண்டு என்று அவர்கள் நினைத்தார்கள். நம் ஆசிரியர்களும் ஜெர்மனி சென்று பயின்று வந்தார்கள். ஆக, போக்கும் வரத்தும் இருந்தது.

ஜெர்மானியரின் இந்த எண்ணத்துக்கு அவர்கள் நாட்டிலேயே ஓர் அடித்தளம் உண்டு. 1949ல் மியூனிக்கில் தோன்றிய ஃப்ரான்ஹோஃபர் கழகத்தின் ஆய்வகங்களில் தலைவராக இருப்பவர் பெரும்பாலும் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருப்பார். ஆய்வகத்தின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அரசு நிலையாகத் தருகிறது. மீதியைத் தொழிற்சாலைகளிடமும் அரசுத் திட்டங்களிலும் வேலை எடுத்துத்தான் சம்பாதிக்க வேண்டும். சொந்தமாக ஆய்வகம் வைக்க வசதியில்லாத சிறு பட்டறைக்காரர்கூடத் தம் சிக்கலைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அந்தச் சிக்கலில் உழைக்கும் மாணவன் நாளைக்கு அந்தப் பட்டறைக்கே வேலைக்குப் போகலாம். கழகத்துக்குப் பெயர் தந்த ஜோசப் ஃப்ரான்ஹோஃபரே ஓர் அநாதைச் சிறுவனாகக் கண்ணாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் பெரும் விஞ்ஞானி ஆனவர்தான்.

கான்பூரில் நடந்தது வேறு விதம். எம்.ஐ.டி., பெர்க்லி, பிரின்ஸ்டன், பர்டியூ உள்ளிட்ட ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து 1962 முதல் 1972 வரை அங்கே பணியாற்றின. 1963ல் ஐ.பி.எம். 1620 கணினி வந்து இறங்கிற்று. இன்றைய கைபேசியின் முன் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் பெட்டியைப் பிரித்து அலங்காரமாக வைத்துக்கொள்ளாமல் அதை மாணவர்களின் கையில் கொடுத்தார்கள். வெளியிலுள்ள தொழிற்சாலைகள், ஆய்வகங்கள் ஆகியவற்றின் பொறியாளர்களையும் அழைத்துக் குறுகிய காலப் பயிற்சி தந்தார்கள். அங்கே கற்பித்தவர்களில் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் முக்கியமானவர். அவர் மலிவு விலையில் எழுதித் தந்த பாடநூல்கள் நாடு முழுவதும் இரண்டு தலைமுறைக்கு ஃபோர்ட்ரான் கற்றுத் தந்தன. கான்பூரில் இறங்கிய ஒரு யந்திரத்தின் பலன் கணினியையே பாராத கல்லூரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

கான்பூரின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்குள் இருந்த பெரிய துணி ஆலைகளுக்கும் அந்த வளாகத்துக்கும் உறவு பலப்படவில்லை. ஆலைகள் நலிந்து மூடின; நன்றாகப் படித்த பிள்ளைகளில் பலர் அமெரிக்காவுக்கே போய்விட்டார்கள். இரண்டு பல்கலைக்கழகங்கள் மட்டும் கைகோத்து உள்ளூர்த் தொழில் வெளியே நின்றால், நாம் விதைத்ததை வேறு நாடு அறுவடை செய்யும். போன பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கற்ற வித்தையைக் கேட்டு வாங்க அன்று இங்கே ஆள் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சியாகவே சென்னை ஐ.ஐ.டி. 2010ல் தரமணியில் ஆராய்ச்சிப் பூங்காவைத் திறந்தது. அங்கே இடம் பிடிக்கும் கம்பெனி வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து செய்யும் வேலைக்குப் புள்ளிகள் உண்டு; அவற்றையும் ஈட்டியாக வேண்டும். வெறும் கட்டடத்துக்காக வருகிறவரை வடிகட்டும் நல்ல ஏற்பாடு இது.

இப்போது வண்ணப் புத்தகங்களுக்கு வருவோம். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் இரண்டு பக்கத் தாள். சேர்ந்து செய்ய விரும்புகிறோம் என்று சொல்லும். செய்தே தீர வேண்டும் என்று பெரும்பாலும் கட்டுப்படுத்தாது. ஆகவே சின்னங்களை எண்ணுவதில் பயனில்லை. கல்லூரிக்கு நேரில் சென்று, சென்ற ஆண்டு எத்தனை மாணவர்கள் அந்த வெளிநாட்டுக்குப் போனார்கள், யார் செலவில் போனார்கள், அங்கிருந்து யார் இங்கே வந்து எத்தனை வாரம் பாடம் நடத்தினார்கள் என்று கேளுங்கள். கம்பெனி கொடுத்த யந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எண்ணெய்க் கறை இருந்தால் மகிழ்ச்சி. உறை போட்டுப் பூட்டி வைத்திருந்தால் உங்களுக்கே புரியும். இறுதியாண்டு மாணவர் யாரையாவது பிடித்து, உன் பிராஜெக்ட் எந்தத் தொழிற்சாலையின் எந்தச் சிக்கல் என்று விசாரியுங்கள். கடையில் விலைக்கு வாங்கிய பிராஜெக்டா, கை வைத்துச் செய்ததா என்பது ஐந்து நிமிடத்தில் வெளிவந்துவிடும். பட்டத்தை யார் தருகிறார்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் சான்றிதழில் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நம் ஊரிலேயே பார்க்கத்தக்க ஓர் இடம் இருக்கிறது. லால்பாக்கில் ரயில்வே அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் வளாகத்தில் 2018ல் ஒரு ரயில்வே பல்கலைக்கழகம் தொடங்கியது. அதுவே 2022ல் கதி சக்தி விஸ்வவித்யாலயா என்ற மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. ரயில் துறை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. 2023ல் ஏர்பஸ் கம்பெனியோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏர்பஸ்ஸும் டாட்டாவும் சேர்ந்து சி-295 விமானம் செய்யும் தொழிற்சாலை 2024 அக்டோபரில் இதே ஊரில் திறக்கப்பட்டது. விமானப் படைக்கான 56 விமானங்களில் 16 ஸ்பெயினிலிருந்து வருபவை. மற்ற 40ம் இங்கே உருவாக வேண்டியவை. வெளிநாட்டுக் கூட்டாளி, பல்கலைக்கழகம், தொழிற்சாலை மூன்றும் ஒரே ஊரில் அமைவது அபூர்வம். அங்கே பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின் தேர்வு மதிப்பெண் வேண்டும். ஐ.டி.ஐ., டிப்ளமா படிக்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் அந்தத் தொழிற்சாலையின் அப்ரெண்டிஸ் அறிவிப்புகளைக் கவனித்து வரலாம். ரிவெட் அடிக்கும் கை இல்லாமல் விமானம் பறக்காது.