நோயாளருக்காகத் தீட்டிய ஓவியம்

கலைக்கூடத்திற்குச் செல்வோர் பெரும்பாலும் அழகைத் தேடியே செல்கின்றனர். ஆனால் பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியில், கோல்மார் நகரத்து உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில், காண்போரைத் திடுக்கிடச் செய்யும் ஓவியம் ஒன்று உண்டு. அதன்முன் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். சிலர் பேச்சற்று நெடுநேரம் நிற்பர்.

மத்தியாஸ் குரூனவால்ட் என்னும் ஜெர்மானிய ஓவியர் 1512-க்கும் 1516-க்கும் இடையே தீட்டிய பீட ஓவியம் அது. சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் திருமேனி நிறம் மாறி வெளிறியிருக்கிறது. உடலெங்கும் முள் தைத்த புண்கள். கைவிரல்கள் வேதனையால் விறைத்து விரிந்துள்ளன. பின்னே காரிருள். வெண்ணாடை உடுத்த தேவதாய் மயங்கிச் சாய, அருளப்பர் தாங்குகிறார். மதலேன் மரியாள் முழந்தாளிட்டுக் கைகளைப் பிசைகிறாள்.

இத்துணைக் கொடுமையை ஏன் தீட்ட வேண்டும்? அவ்வோவியம் முதலில் இருந்த இடமே இதற்கு விடை கூறும். இசன்ஹைம் என்னும் ஊரில், வனத்து அந்தோனியார் பெயரால் அமைந்த சபைத் துறவியரின் மடத்திற்காக அது தீட்டப்பட்டது. நோயாளரைப் பேணுவது அத்துறவியரின் பணி. அக்காலத்தில் ‘அந்தோனியார் நெருப்பு’ என்றொரு நோய் ஐரோப்பிய மக்களை வாட்டியது. ரை என்னும் தானியக் கதிரைப் பற்றும் பூசணத்தின் நஞ்சே அதன் காரணம் என்பது பிற்காலத்தில் புலனாயிற்று. அத்தானியத்தில் செய்த ரொட்டியை உண்டோரின் கைகால்கள் தீயிலிட்டாற்போல் எரியும். பின்பு கறுத்து அழுகும். வெட்டி நீக்கவும் நேரிடும்.

அத்தகையோர்க்கென அமைந்த ஓவியத்தில் ஆண்டவரும் புண்பட்டவராகவே நிற்கிறார். கதவுபோல் திறக்கும் அதன் பலகைகளை விலக்கும்போது, அவருடைய ஒரு கை உடலைவிட்டுப் பிரிவதுபோல் தோன்றும். கீழேயுள்ள அடக்கக் காட்சியைத் திறந்தால் கால்கள் பிரிவதுபோல் தோன்றும். கைகால் இழந்த ஏழை ஒருவன் இதைக் கண்டு, “ஆண்டவரும் என்னைப் போலவே இருக்கிறாரே!” என்று எண்ணியிருக்க மாட்டானா? திறந்த பலகைகளின் உள்ளே, புண்கள் ஆறி, ஒளி வெள்ளத்தில் எழும் உயிர்த்த ஆண்டவரைக் காண்கிறோம். இன்று அருங்காட்சியகத்தில் பலகைகள் தனித்தனியே நிறுத்தப்பட்டிருப்பதால், துயரையும் நம்பிக்கையையும் ஒரே வருகையில் காணலாம்.

முதல் உலகப்போரின்போது, 1917-இல், அல்சாஸ் ஜெர்மனியின் வசம் இருந்தது. அப்போது இவ்வோவியம் மியூனிக் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. போர் முடிந்த 1918-இல் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டபோது, தோல்வியாலும் இழப்பாலும் நொந்த மக்கள் திரள்திரளாக வந்து அதன்முன் நின்றனர். 1919-இல் அது கோல்மாருக்குத் திரும்பியது.

நலமாயிருப்பவன் அருவருத்து விலகும் ஓவியத்தின் முன், நொந்தவன் ஆறுதல் பெற்று நிற்கிறான். ஓவியம் ஒன்றே, அவரவர் சுமந்து செல்லும் துயரமே வேறு.

நம் இல்லங்களிலும் நோயுற்றோர் உண்டு. அவர்களிடம், “எல்லாம் சரியாகிவிடும்” என்று அவசரமாகக் கூறிவிட்டு, புண்ணைக் காணாமல் கண்ணைத் திருப்பிக்கொள்கிறோம். நாம் சொன்ன சொல் பொய்யன்று. ஆனால் அது போதாது. குரூனவால்ட் உயிர்ப்பையும் தீட்டினார். எனினும் புண்ணை முதலில் காட்டினார். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து, அவர் வலியை அவர் வாயால் சொல்லக் கேட்போம். நம்பிக்கையூட்டும் சொல்லை அதன்பின் சொல்வோம்.