லண்டனில் போட்ட ஒப்பந்தம், அமெரிக்காவுக்கு வந்த பில்

2008 செப்டம்பர் 16. ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம் மூழ்கிவிடாமல் இருக்க 8,500 கோடி டாலர் கடன் தருவதாக அமெரிக்க மத்திய வங்கி அறிவித்தது. அந்தப் பள்ளத்தைத் தோண்டியதில் பெரும்பங்கு, அதன் துணை நிறுவனமொன்றின் லண்டன் அலுவலகத்துக்கு. வீட்டுக்கடன் பத்திரங்கள் பொய்த்தால் ஈடுகட்டுவதாக வங்கிகளுக்கு அது ‘கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப்’ விற்றிருந்தது. காப்பீடு மாதிரிதான், ஆனால் காப்பீட்டுக்கு வைக்க வேண்டிய இருப்புப் பணம் அப்போது இதற்குக் கட்டாயமாக இருக்கவில்லை.

வெளிநாட்டில் நடக்கும் இதுபோன்ற டெரிவேட்டிவ் வியாபாரத்தை உள்நாட்டுச் சட்டம் தொடலாமா என்ற கேள்வி அங்கிருந்துதான் சூடுபிடித்தது. 2010-இன் டாட்-ஃபிராங்க் சட்டம், அமெரிக்க வர்த்தகத்தோடு ‘நேரடியான, கணிசமான’ தொடர்போ அதன்மேல் தாக்கமோ இருந்தால் தொடலாம் என்றது. எது கணிசம்? அதைச் சொல்லும் பொறுப்பு முன்பேர வர்த்தக ஆணையமான சி.எஃப்.டி.சி.யிடம் வந்தது. அதற்குள், 2012-இல் ஜே.பி. மார்கன் வங்கியின் லண்டன் அலுவலகம் டெரிவேட்டிவ் வியாபாரத்தில் ஏறத்தாழ 620 கோடி டாலரை இழந்திருந்தது.

ஓர் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்ப்போம். நியூயார்க் வங்கியொன்றின் லண்டன் துணை நிறுவனம், ஜெர்மன் வங்கியோடு வட்டித் தொகைகளை மாற்றிக்கொள்ளும் ‘வட்டி விகித ஸ்வாப்’ போடுகிறது. கையெழுத்து லண்டனில், பணம் யூரோவில். அமெரிக்காவுக்கு இதில் என்ன வேலை என்றுதான் தோன்றும். ஆனால், ‘இவர்கள் தராவிட்டால் நான் தருகிறேன்’ என்று தாய் வங்கி உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தால், நட்டம் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க்குக்கு வந்துவிடும். ஆகவே 2013-இல் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் அந்த உத்தரவாதத்தைப் பிடித்துக்கொண்டது. சரியான இடத்தில்தான் பிடித்தது: முத்திரை குத்திய ஊரைவிட, நட்டம் யார் தலையில் விழும் என்பதுதானே முக்கியம்?

சில பெரிய அமெரிக்க வங்கிகள் அந்த உத்தரவாதத்தையே கிழித்துப்போட்டன. அதே ஊழியர்கள், அதே மேசை, அதே வியாபாரம். ஒரு வாசகம் மட்டும் போயிற்று, விதிகளில் பலவும் பொருந்தாமல் போயின.

ஐரோப்பாவுக்கும் 2012-இலிருந்து ‘எமிர்’ என்ற சொந்த விதி உண்டு. ஒரே ஒப்பந்தத்தை இரண்டு சட்டங்களும் இழுத்தால் என்ன செய்வது? உங்கள் விதி எங்கள் விதிக்கு ஈடு என்று ஒரு நாடு ஏற்றுக்கொண்டால், ஒன்றைப் பின்பற்றினால் போதும். எந்தெந்த விதி ஈடு என்பதில்தான் பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

2020-இல் ஆணையம் புதிய விதி கொண்டுவந்தது. உத்தரவாதம் இல்லாவிட்டாலும் அபாயம் பெரிதென்றால் துணை நிறுவனத்தைப் பிடிக்க ஒரு புதுவகையை அது உண்டாக்கியது. நல்லதுதான். ஆனால் மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ள வங்கிக் குழுமங்களின் துணை நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு. உத்தரவாதத்தைக் கிழித்தவை அந்தக் குழுமங்கள்தான்.