“பார்த்து நடக்கக் கூடாதா?” - எம்.எஸ் பாதித்தவர்கள் ஏன் அடிக்கடி விழுகிறார்கள்?

விழுந்தவரைத் தூக்கும்போதே, “பார்த்து நடக்கக் கூடாதா?” என்று கேட்டுவிடுகிறோம். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ் பாதித்தவர்களிடம் இதைக் கேட்காதீர்கள். அவர்கள் பார்த்துத்தான் நடக்கிறார்கள்.

மூளை, தண்டுவட நரம்புகளின் மேலிருக்கும் மயலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே சிதைப்பதுதான் எம்.எஸ். மேலுறை உரிந்த ஒயர் மாதிரி, மூளையின் உத்தரவு காலுக்குச் சரியாகப் போய்ச் சேராது. பாதத்தின் முன்பகுதி தூக்காமல், மிதியடிகூட இடறிவிடும்.

வெயில் இன்னொரு வில்லன். உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே சிலருக்குக் கால் துவளும், பார்வை மங்கும். உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். அதனால் வெந்நீர்க் குளியல் வேண்டாம். வெளிவேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

வீட்டில் ஆபத்தான இடம் பாத்ரூம். அதுவும் நள்ளிரவில், சிறுநீரை அடக்க முடியாமல் ஓடும்போது! தரையில் ஈரம் இருக்கக் கூடாது. இரவு விளக்கு எரியட்டும். சுவரில் கைப்பிடிக் கம்பி அவசியம். டவல் ஸ்டாண்டை நம்பாதீர்கள், கையோடு வந்துவிடும்.

விழுந்துவிட்டால் பதறித் தூக்க வேண்டாம். அடி இல்லையென்றால் ஒருக்களித்து, முட்டி போட்டு, ஆடாத நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழலாம். தலையில் அடி, இடுப்பில் கடும் வலி என்றால் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

விழுந்ததைப் பலர் டாக்டரிடம் சொல்வதில்லை. ‘இனி தனியா எங்கேயும் போகாதே’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்களே என்ற பயம். ஆனால், நடப்பதைக் குறைத்தால் கால் இன்னும் பலவீனமாகும். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது விழுந்தீர்கள் என்று போனில் குறித்துவைத்துக் காட்டுங்கள். பிசியோதெரபியா, பாதத்தைத் தூக்கிப்பிடிக்கும் ஸ்ப்ளின்ட்டா, ஊன்றுகோலா என்று டாக்டர் முடிவெடுக்க அது உதவும்.