மிகைவேகக் கணினிக்கான மின்வழங்கி

மின்வழங்கி என்பது மின்னிணைப்பிலிருந்து பெறும் மாறுதிசை மின்னோட்டத்தைக் கணினியின் உறுப்புகளுக்கு ஏற்ற நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவியாகும். 1995-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏடிஎக்ஸ் சீர்தரத்தைப் பின்பற்றும் மின்வழங்கிகள் பொதுவாக 12, 5, 3.3 வோல்ட் ஆகிய மின்னழுத்தங்களை வழங்குகின்றன. செயலியை அதன் தயாரிப்பாளர் வரையறுத்த வேகத்துக்கு மேல் இயக்குவது மிகைவேகமூட்டல் அல்லது ஓவர்கிளாக்கிங் எனப்படும். இத்தகைய கணினிக்கு மின்வழங்கியைத் தெரிவு செய்கையில், மொத்த வாட் அளவைவிட 12 வோல்ட் வெளியீட்டின் திறனே முதன்மையானது.

மின்தேவை உயர்வு

செயலியின் இயக்க மின்திறன், கடிகார வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் உயர்கிறது. எடுத்துக்காட்டாக, 3.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.20 வோல்ட்டில் 95 வாட் பயன்படுத்தும் செயலியை 4.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.35 வோல்ட்டில் இயக்குவதாகக் கொள்வோம். வேகம் 1.2 மடங்கும் மின்னழுத்தத்தின் வர்க்கம் ஏறத்தாழ 1.27 மடங்கும் ஆவதால், தேவை ஏறத்தாழ 144 வாட் ஆகிறது. அதாவது, 20 விழுக்காடு வேகத்துக்காக 50 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மின்திறன் கூடுதலாகச் செலவாகிறது. வெப்பம் மிகும்போது கசிவு மின்னோட்டமும் மிகுவதால், உண்மைத் தேவை இதனினும் கூடலாம்.

12 வோல்ட் வெளியீடு

தற்காலக் கணினிகளில் செயலியும் வரைவியல் அட்டையும் பெரும்பாலும் 12 வோல்ட் வெளியீட்டிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. ஆகவே 500 வாட் எனக் குறிக்கப்பட்ட இரு மின்வழங்கிகள் ஒத்தவையாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் தருமாயின் அது 480 வாட். மற்றொன்று 28 ஆம்பியர் மட்டுமே தருமாயின் அது 336 வாட். பின்னதன் எஞ்சிய திறன் 5, 3.3 வோல்ட் வெளியீடுகளுக்கு உரியது. செயலிக்கு அது பயன்படாது.

அளவைக் கணித்தல்

மேற்கண்ட செயலிக்கு 144 வாட், வரைவியல் அட்டைக்கு 220 வாட், ஏனைய உறுப்புகளுக்கு 60 வாட் எனக் கொண்டால் மொத்தத் தேவை 424 வாட். வரைவியல் அட்டைகள் கணநேரத்துக்குத் தம் சராசரியைவிட மிகுந்த மின்சாரத்தை இழுப்பதுண்டு. எனவே 600 வாட் அளவிலான மின்வழங்கி இதற்குப் பொருந்தும்.

மின்னழுத்த நிலைப்பு

சீர்தரத்தின்படி 12 வோல்ட் வெளியீடு பொதுவாக 11.4 முதல் 12.6 வோல்ட் வரை மாறலாம். சுமையின்போது இது தாழ்ந்தால் கணினி தானே மறுதொடக்கம் ஆகக்கூடும். செயலிக்கு மின்னழுத்தம் போதவில்லை எனக் கருதி அதனை மேலும் உயர்த்துவது, மின்வழங்கியின் சுமையையே கூட்டும். 2004-இல் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழ் பயனுறுதிறனை மட்டுமே குறிக்கிறது. மின்னழுத்த நிலைப்பை அது உறுதி செய்வதில்லை.

பாதுகாப்பு

மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கு எதிரான காப்புகள் இல்லாத மின்வழங்கி பழுதடைகையில், தாய்ப்பலகையையும் வன்தட்டையும் சேர்த்துச் சேதப்படுத்தக்கூடும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்வழங்கியின் உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு விளைவிக்கும் மின்னழுத்தம் சிறிது நேரம் எஞ்சியிருக்கலாம். ஆகவே அதன் பெட்டியைப் பயிற்சியற்றோர் திறத்தல் கூடாது.