முழங்கால் அறுவைக்குப் பின் ஆடுகளம்: பொறுமை ஏன் தேவை?

அமெரிக்காவின் டென்வர் நகெட்ஸ் அணிக்கு ஆடும் கனடா நாட்டுக் கூடைப்பந்து வீரர் ஜமால் மர்ரே, 2021 ஏப்ரலில் ஆட்டத்தின்போது இடது முழங்காலில் காயமுற்றார். 'ஜவ்வு' என்று பொதுவாக வழங்கப்படும் ஏ.சி.எல். தசைநார் கிழிந்திருந்தது. அப்போது அவருக்கு வயது 24. அறுவை சிகிச்சைக்குப் பின், அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. ஏறத்தாழ 18 மாதங்கள் கழித்து, 2022 அக்டோபரில்தான் களத்துக்குத் திரும்பினார். அப்பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் சராசரியாக 20 புள்ளிகள் எடுத்தார். அதன்பின் வந்த வெளியேற்றச் சுற்றுகளில் அது 26 ஆக உயர்ந்தது. 2023 ஜூனில் அவரது அணி முதன்முறையாக என்.பி.ஏ. கோப்பையை வென்றது.

இத்தனை மாதங்கள் எதற்கு என்று பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. கிழிந்த நாருக்கு மாற்றாக, பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த தசைநாணைப் பொருத்துகிறோம். அதனுள் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து அது உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். தொடக்க மாதங்களில், பொருத்திய நாளைவிடவும் அது வலுக்குறைந்திருக்கும். வலியும் வீக்கமும் அதற்கு முன்பே நீங்கிவிடுவதால், கால் முற்றிலும் குணமாகிவிட்டதாகத் தோன்றும். அந்த நம்பிக்கையில் களமிறங்கும் இளைஞர்களுக்கே நார் மீண்டும் கிழியும் ஆபத்து மிகுதி.

ஆகவே, 9 மாதங்களுக்கு முன் போட்டிகளில் ஆட நாங்கள் அனுமதிப்பதில்லை. அதன் பின்னரும், தொடைத்தசை மறுகாலின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். ஒற்றைக்காலில் தாவித் தடுமாறாமல் தரையிறங்கவும் இயல வேண்டும்.

திரும்பிய முதல் ஆட்டங்களில் பழைய வேகம் காணப்படாவிடில் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டா. தயக்கம் இயல்பே. இயன்முறைப் பயிற்சி ஒருநாளும் தடைப்படாமல் பார்த்துக்கொள்வதே குடும்பத்தார் செய்யக்கூடிய பேருதவி.